தண்ணீர் மணி

சிவகாசி
12.2.2007

அன்புத் தங்கை வள்ளித்தாய்க்கு அண்ணன் சங்கிலிமுத்து எழுதுவது.

இங்கே நானும் உன் மதினியும் சுகமாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பது மாப்பிள்ளை போனில் சொல்லித்தான் தெரிகிறது. நீ பேசினால் "நல்லாருக்கேண்ணே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். மேலே கேட்டால் அழுகிறாய். நீ அழுதால் நான் கத்துகிறேன். அதனால்தான் கடிதம். இதில் நீ போனை வைக்க முடியாது, நானும் கத்த முடியாது.

முதலில் நல்ல சேதி. போன மாதம் கோயம்புத்தூருக்கு வந்து உன் ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போனேன் அல்லவா, டாக்டர் கூப்பிட்டுப் பேசினார். என் கிட்னி உனக்குப் பொருந்துகிறதாம். ஒரே ஒரு சிக்கல். எனக்குப் பிரஷர் ஏறி நிற்கிறது. அதை இறக்கிக்கொண்டு வந்தால் தேதி குறித்துவிடலாம், கோபதாபத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். சரி என்றேன். எதற்காக ஏறுகிறது என்று அவரிடம் சொல்லவில்லை.

உன் மதினி இதைக் கேட்டதும், "நீங்க பாட்டுக்கு ஒத்தக் கிட்னியோட லோடு ஏத்த அலைவீக, நான் இங்கன வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமாக்கும்" என்று சொல்லி ஒரு நாள் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மறுநாள் உப்பில்லாத சாம்பாரை வைத்து என் முன்னால் தள்ளினாள். பிரஷருக்காம். சம்மதம் என்று அதற்கு அர்த்தம். அன்றிலிருந்து இந்த வீட்டில் ஊறுகாய் ஜாடி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது சேதி உன் வயிற்றைக் குளிர வைக்கும். ராக்கப்பன் கம்பெனிக்கு இந்த வருஷம் என் ஆர்டர் கிடையாது. ஒரு பெட்டிகூடக் கிடையாது.

இது அவருக்கு எம்புட்டுப் பெரிய அடி என்று உனக்கு விளங்க வேண்டும். நாக்பூர், இந்தூர் கடைக்காரர்கள் எந்தக் கம்பெனியில் பட்டாசு எடுப்பது என்று என் வாயைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். நீ அங்கே வேலையை விட்ட நாளிலிருந்து வருஷா வருஷம் ராக்கப்பனுக்குக் கூட்டிக்கூட்டிக் கொடுத்தேன். ஏன் அந்த ஆளுக்குப் போய்க் கொடுக்கிறாய் என்று நீகூடச் சடைத்துக்கொண்டாய். என் ஆர்டர் பெருகப் பெருக மற்ற ஏஜென்டுகளை அவராகவே விட்டுவிட்டார். இன்றைக்கு அந்தக் கம்பெனி முழுக்க என் ஒரு கையில் நிற்கிறது. இந்தக் கையை எடுப்பதற்காகத்தான் இத்தனை வருஷம் கொடுத்தேன்.

நான் சைக்கிளில் கேன் கட்டி டீ விற்ற காலத்தில் "ஏலே சங்கிலி, ரெண்டு டீ போடுலே" என்று கூப்பிட்ட ஆள், இப்போது என் தலையைக் கண்டால் "வாங்க ஏஜென்டு" என்று எழுந்து நிற்கிறார். டீயை நான் மறந்துவிட்டேன். அவர் உன்னிடம் சொன்னதை மறக்கவில்லை.

அங்கே ஒரு கக்கூஸ் கட்டித்தான் வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்குப் பினாயில் ஊற்றித் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் அதில் அட்டைப்பெட்டியை அடுக்கிப் பூட்டு. அதைத் திறந்துவிடச் சொல்லி நீ ஒருத்திதான் தைரியமாகப் போய்க் கேட்டாய். "கம்மாக்கரை அம்புட்டு நீளத்துக்குக் கெடக்கு. ஒனக்குத் தனியாப் பங்களா வேணுமாக்கும். தண்ணியக் குடிச்சாத்தான தாயி அவசரம் வரும்? குடிக்காம இரு" என்றார் அவர். நீ அதை வீட்டில் வந்து அவர் குரலிலேயே சொல்லிச் சிரித்தாய். அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

நீ உண்மையிலேயே குடிக்காமல் இருந்தாய். சுற்றின சக்கரத்துக்குத்தான் கூலி என்பதால் எழுந்து போகிற நேரமும் நஷ்டம். நாக்கு வறண்டால் வாயில் ஒரு துணுக்குப் புளியை ஒதுக்கிக்கொண்டு பொழுது சாய்கிற வரைக்கும் சங்குசக்கரம் சுற்றினீர்கள், நீயும் உன்னோடு ஒரே ரூமில் வேலை பார்த்த பிள்ளைகளும். அடக்கி அடக்கி, நீர்க்கடுப்பு வந்து வந்து போய், கடைசியில் கிட்னியில் கொண்டுபோய் விட்டது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அந்த ஆளின் குரல்தான் காதில் கேட்டது. இப்போது நீ மெஷினில் படுத்து ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறாய். மாப்பிள்ளை உனக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டம்ளரில் தண்ணீரை அளந்து வைக்கிறார். அன்றைக்கும் உனக்குத் தண்ணீர் இல்லை, இன்றைக்கும் இல்லை.

பழி என்று சொன்னால் பழிதான். நான் மறைத்துப் பேசுகிறவன் இல்லை.

தேதி எப்போது வைக்கலாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு. அந்தக் கம்பெனி கேட்டில் பூட்டுத் தொங்குவதைப் படம் பிடித்துக்கொண்டு வந்து உன் கட்டிலுக்கு எதிரே ஒட்டுகிறேன். அதைப் பார்த்துக்கொண்டே நீ கண் மூடித் தூங்கலாம்.

உன் அண்ணன்
சங்கிலிமுத்து


சிவகாசி
21.5.2007

தங்கை வள்ளித்தாய்க்கு அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே வெயில் கொளுத்துகிறது. அங்கே உனக்குக் காற்று வருகிறதா?

நீ சொல்லச் சொன்னதை மாப்பிள்ளை மாரிக்கண்ணன் மென்று முழுங்கிச் சொன்னார். "எங்கூட உக்காந்து சக்கரம் சுத்துனவுக வீட்டு அடுப்ப என் பேரச் சொல்லி அணைச்சிட்டாரு. அந்த அண்ணன் கிட்னி எனக்கு வேண்டாம். மெஷின்லயே கெடந்துக்கிறேன்னு சொல்லிருங்க." உன் வார்த்தை இதுதானே? அன்றைக்கு எனக்குப் பிரஷர் பார்த்த நர்சம்மா, பிரஷர் மெஷினில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டாம் தடவை காற்றடித்தாள்.

எனக்குக் கோபம் உன் மேல் இல்லை. உன்னோடு சக்கரம் சுற்றின வெள்ளைத்தாய் மேல். அவள்தானே உனக்குப் போன் போட்டு அழுதது. நினைத்துக்கொண்டே இருக்கும்போது அவளே ஆபீஸ் படியேறி வந்தாள். பின்னால் உன் பழைய ரூம் முழுக்க வந்து நிற்கிறது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஏய்யா சங்கிலிமுத்து, பெரிய ஆளாயிட்டீக, சந்தோசம். ராக்கப்பனப் பழி வாங்குறேன்னு எங்க ஒலையில எதுக்குய்யா கைய வைக்கிறீக? அந்தாளுக்குத் தோட்டம் இருக்கு, கெணறு இருக்கு. கம்பெனிய மூடுனா வேட்டிய மடிச்சுக்கட்டி மல்லாந்து படுத்துக்கிருவாரு. நாங்க எங்கிட்டுப் போவோம்?" என்றாள்.

வேறு கம்பெனிக்குப் போங்கள், நான் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வேற கம்பெனியில மட்டும் என்ன, பன்னீரா தெளிக்கிறாக? அங்கனயும் இதுதான்" என்று சொல்லி, முந்தி முடிச்சை அவிழ்த்து ஒரு துணுக்குப் புளியை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். "ஒங்க தங்கச்சி எடத்துல இப்ப யாரு உக்காந்திருக்கா தெரியுமா? என் மருமக வேல்விழி. போன தையில கல்யாணம் ஆன பிள்ள. அதுவும் வாயில இதப் போட்டுக்கிட்டுத்தான் சுத்துது. கம்பெனிய மூடுற தெம்பு இருக்குல்ல ஒங்களுக்கு? அந்தக் கதவத் தெறக்கத் தெம்பு இருக்கா?"

படியிறங்கிப் போய்விட்டார்கள். புளி மேஜைமேல் கிடந்தது. வியாபாரத்தில் என்னை யாரும் இப்படி மடக்கினது இல்லை. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. கம்பெனியை மூடினால் ராக்கப்பனுக்கு ஒரு நாள்தான் வலிக்கும். எனக்கு அது பத்தாது.

ஆளனுப்பி ராக்கப்பனை வரச் சொன்னேன். உச்சி வெயிலில் வந்தார். இன்னும் ஆர்டர் விழாத கம்பெனி மொதலாளி எப்படி வருவாரோ அப்படி வந்தார். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, அடிக்கடி ஒதுங்க வேண்டும் என்பது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும்.

வந்ததும் பானைத் தண்ணீர் கொடுத்தேன். பிறகு சர்க்கரை போடாத எலுமிச்சம்பழ ஜூஸ். பிறகு மோர், பெரிய டம்ளரில். ஆர்டர் கேட்டு வந்தவர் ஏஜென்டு கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார், அது நம் ஊர் வழக்கம். "என்ன மொதலாளி, மோர் புளிக்குதா? மிச்சம் வச்சிட்டீக" என்று உன் மதினி கொடுத்தனுப்பின தூக்குவாளியைச் சரித்து மறுபடி நிரப்பினேன். ஆர்டரைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கவில்லை. நாக்பூரில் மழை, இந்தூரில் கல்யாணம் என்று ஓட்டினேன்.

மனுஷன் நாற்காலியில் நெளிய ஆரம்பித்தார். கடைசியில் சுண்டுவிரலைக் காட்டி எழுந்தார். தாராளமாக, பின்னால்தான் என்றேன். போய்க் கதவைத் திறந்தார். நிலைவரைக்கும் அட்டைப்பெட்டி. முதல் நாளே நான் அடுக்கி வைத்தது.

"என்ன ஏஜென்டு, இதுக்குள்ள பெட்டிய அடுக்கி வச்சிருக்கீக?"

"எடம் பத்தல மொதலாளி. கம்மாக்கரை அம்புட்டு நீளத்துக்குக் கெடக்கே."

"பட்டப்பகல்ல, பஜார் வழியா… நான் எப்படிப் போக?"

"அதுவுஞ் சரிதான். ஆனா தண்ணியக் குடிச்சாத்தான மொதலாளி அவசரம் வரும்? குடிக்காம இருந்திருக்கலாம்ல."

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். இந்த வார்த்தையை அவர் காதில் போடத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை, வள்ளித்தாய். அவருக்கு ஞாபகமே இல்லை. வள்ளித்தாய்க்கு நீங்கள் சொன்னது என்றேன். "எந்த வள்ளித்தாயி?" என்று கேட்டார். அவசரத்திலும் அவர் உண்மையாகத்தான் கேட்டார். உன் கிட்னி இரண்டையும் தின்ற வார்த்தை அவருக்கு ஒரு பேச்சே இல்லை.

அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயம் வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் நிபந்தனைகளைச் சொன்னேன். அந்தக் கதவைத் திறக்க வேண்டும். ஆள் எண்ணிக்கைக்குத் தக்கபடி இன்னும் கட்ட வேண்டும். ஒவ்வொரு ரூம் பக்கத்திலும் நிழலில் பானை வைக்க வேண்டும். காலையிலும் மத்தியானமும் வேலையை நிறுத்தி எல்லோரும் தண்ணீர் குடிக்க ஒரு மணி அடிக்க வேண்டும், அந்த நேரத்துக்கும் கூலி உண்டு. மாதம் ஒரு லேடி டாக்டர் வர வேண்டும். சரி சரி சரி என்று ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார், காலும் சேர்ந்து ஆடியது. கடைசியாக ஒன்று சொன்னேன். அந்த மணியை போர்மேன் அடிக்கக் கூடாது. வாட்ச்மேன் அடிக்கக் கூடாது. மொதலாளிதான் அடிக்க வேண்டும். முதல் சொம்பை அவர் கையாலேயே மொண்டு கொடுக்க வேண்டும். அதற்கும் சரி என்றார்.

பிறகுதான் பக்கத்து பிரிண்டிங் பிரஸ் கக்கூஸ் சாவியைக் கொடுத்தேன். வேட்டி நனைந்ததா இல்லையா என்று எழுத மாட்டேன். நீ அவருக்காக வருத்தப்படுவாய்.

ஆர்டர் போட்டுவிட்டேன். அடுப்பெல்லாம் எரிகிறது. இப்போது என்ன சொல்கிறாய்? பதிலை மாப்பிள்ளையிடம் சொல்லாதே. நீயே நாலு வரி எழுது.

உன் அண்ணன்
சங்கிலிமுத்து


சிவகாசி
10.9.2007

அன்புத் தங்கை வள்ளித்தாய்க்கு,

உன் நாலு வரி வந்து சேர்ந்தது. "செய்ததெல்லாம் சரி, ஆனால் அவரைப் போட்டு இப்படிப் படுத்த வேண்டாம், அவரும் வயசான மனுஷர். உங்கள் மனசு ஆறாமல் நான் ஆபரேஷனுக்கு வர மாட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். என் மனசு எப்படி இருக்கிறது என்று நடந்ததைச் சொல்கிறேன், நீயே முடிவு செய்துகொள்.

கக்கூஸ் கட்டினார்கள். பானை வைத்தார்கள். வேப்பமரத்தில் பித்தளை மணியும் தொங்கியது. ஆனால் ஆனி மாதம் நான் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றபோது ஒருத்திகூடத் தண்ணீர் குடிக்கவில்லை. மணியடித்தார்கள், யாரும் தலை நிமிரவில்லை. வேல்விழியிடம் கேட்டால் கன்னத்துக்குள் புளியை ஒதுக்கிக்கொண்டு, "எந்திரிச்சா சக்கரம் கொறையும்ல பெரியப்பா, பழகிப் போச்சு" என்கிறாள். மணியடித்துத் தண்ணீர் குடிக்கிற நேரத்துக்கும் கூலி என்பதை போர்மேன் அவர்களிடம் சொல்லவே இல்லை. மணியடித்ததும் அந்த போர்மேன்தான். மொதலாளி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

லோடு ஏற்ற வந்து கேட்டில் நின்ற லாரியைக் காலியாகத் திருப்பி அனுப்பினேன். டிரைவர், "என்னண்ணே, சரக்கு ரெடியா இருக்கே" என்றான். மணி சரியில்லப்பா என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராக்கப்பனுக்கு விளங்கிவிட்டது. சட்டைப் பொத்தான் போடாமல் பைக்கில் வந்து இறங்கினார்.

அன்றைக்கு மத்தியானம் அவரே கயிற்றைப் பிடித்து இழுத்தார். இந்த நேரத்துக்கும் கூலி உண்டு என்று அவர் வாயாலேயே ரூம் ரூமாகப் போய்ச் சொன்னார். வெள்ளைத்தாய்தான் முதலில் எழுந்து வந்தாள். அவர் சொம்பில் மொண்டு நீட்டினார். வாங்கி அண்ணாந்து குடித்தாள். குடித்து முடித்துவிட்டு, "மொதலாளி கையால வாங்குனா தண்ணி கூடத் தித்திக்குதே. நாளைக்குக் கொஞ்சம் சீரகம் தட்டிப் போட்டு வைங்க மொதலாளி" என்றாள். எல்லாரும் சிரித்த சிரிப்பில் அவர் காது சிவந்துவிட்டது. நான் மரத்தடியில் நின்று கண்குளிரப் பார்த்தேன்.

அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் அடிக்கிறார். பிள்ளைகள் அதற்குத் தண்ணீர் மணி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லேடி டாக்டரும் வந்து போகிறார். வேல்விழிக்கு உன்னைப் போலவே நீர்க்கடுப்பு தொடங்கியிருந்ததாம். மாத்திரையில் சரியாகிவிட்டது. அவள் இப்போது முழுகாமல் இருக்கிறாள்.

போன முகூர்த்தத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் மொதலாளிமார் நாலைந்து பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "என்ன ஏஜென்டு, எங்களையும் பூசாரியாக்கி மணியாட்ட விட்ருவீக போலயே" என்று கேலி. நான் தர்மம் நியாயம் எதுவும் பேசவில்லை. அவர்களுக்குப் புரிகிற பாஷையில் சொன்னேன். "பொழுது சாயச் சுத்துற சக்கரந்தான் சாம்பிள் கொளுத்துனா நின்னு புகையுது. காலையிலருந்து தொண்ட நனையாதவ கையி என்னத்தச் சுத்தும்? இப்ப ராக்கப்பன் சரக்கக் கொளுத்திப் பாருங்க. அடுத்த சீசன்லருந்து மணி இல்லாத கம்பெனிக்கு என் ஆர்டர் கெடையாது." இலையில் பாயசம் ஊற்றினார்கள், யாரும் தொடவில்லை. மறுவாரம் திருத்தங்கலில் ஒரு மொதலாளி மணி வாங்கி மாட்டிவிட்டார். மனசு இளகி இல்லை, என் மேல் பயந்து. பயத்தில் வைத்த பானையிலும் தண்ணீர் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

என் பிரஷர் இறங்கிவிட்டது. நர்சம்மா, தியானம் எதுவும் செய்கிறீர்களா என்று கேட்டாள். ஆமாம், தினமும் மத்தியானம் ஒருத்தர் மணியடிப்பதை நினைத்துக்கொள்கிறேன் என்றேன்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மன்னிக்கவில்லை. நேற்று ராக்கப்பன் வந்து, "இன்னும் எம்புட்டு நாளைக்கு ஏஜென்டு நான் கயிறப் புடிக்க? முட்டி வலிக்குது, ஊரு சிரிக்குது" என்று கேட்டார். நான் சொன்ன பதிலை உனக்கும் சொல்கிறேன். மணி எந்நாளும் நிற்காது. ஆனால் கயிற்றை போர்மேன் கையில் கொடுக்கிற நாள் ஒன்று இருக்கிறது. வள்ளித்தாய் இந்த கேட்டுக்குள் நடந்து வர வேண்டும். நீங்கள் மொண்டு கொடுக்க வேண்டும். யாரும் அளக்காமல் அவள் சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்து முடிக்க வேண்டும். அன்றைக்கு விட்டுவிடுகிறேன். அதுவரைக்கும் அடியுங்கள் என்றேன்.

ஆபரேஷன் முடிந்தால் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுவோம் என்று டாக்டரே சொன்னார். ஆகவே பார்த்துக்கொள். அந்த வயசான மனுஷர் மேல் உனக்கு அம்புட்டு இரக்கம் இருந்தால், அவரை விடுவிப்பது என் கையில் இல்லை. நீ டாக்டரிடம் சொல்லப்போகிற ஒரு வார்த்தையில் இருக்கிறது.

தீபாவளிக்குப் பிறகு என்று தள்ளாதே. சீசனை விட்டுவிட்டு எப்படி வருவீர்கள் என்றும் கேட்காதே. சீசனை உன் மதினி பார்த்துக்கொள்கிறாள், லாரிக்காரர்கள் என்னைவிட அவளுக்குத்தான் பயப்படுகிறார்கள். துணிமணி எடுத்துப் பையில் வைத்துவிட்டேன். வெள்ளைத்தாய் வைத்துவிட்டுப் போன புளித் துணுக்கையும் மேஜையிலிருந்து எடுத்துவிட்டேன்.

வயிறு நிறையத் தண்ணீர் குடித்து, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "போதும்ண்ணே" என்று நீ சொல்ல நான் கேட்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம். நன்றாக இரு தாயி. சரி என்று மட்டும் எழுது.

பஸ் ஏறக் காத்திருக்கும்
உன் அண்ணன்
சங்கிலிமுத்து